ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி: .357 மேக்னத்துக்கு மருந்து தேடிய கதை

என்னிடம் .357 மேக்னம் தோட்டா போடுகிற துப்பாக்கி இரண்டு இருக்கிறது. ஒன்று 4.2 அங்குலக் குழல் உள்ள ரூகர் ஜிபி100 ரிவால்வர், இன்னொன்று 18.5 அங்குலக் குழல் உள்ள, கீழே உள்ள லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற மார்லின் 1894 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே மருந்தை (வெடிமருந்தைத்தான் சொல்கிறேன்) போட்டு வீட்டிலேயே ஒரே மாதிரி தோட்டா நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் திட்டம். கடையில் ஒரு பவுண்டு டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன, அதில் எதை எடுப்பது? வேகம் மட்டும் போதும் என்றால் பதில் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் ஒழுங்காக எரியுமா, குட்டைக் குழலிலும் நீளக் குழலிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா என்று கேட்க ஆரம்பித்தால்தான் வேலை இழுக்கும்.

நான் இருப்பது ஐடஹோவில், பாய்சிக்குப் பக்கத்தில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் எதுவும் வேண்டாம், விற்பதென்றால்தான் மத்திய அரசின் உரிமம் வாங்க வேண்டும். நம்ம ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நிலைமை முற்றிலும் வேறு, இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தக் குண்டுக்கு எத்தனை கிரெயின் மருந்து என்ற கணக்கை இதில் எங்கேயும் எழுத மாட்டேன். குண்டு தயாரிப்பாளர் மாறினால், குண்டு கேஸுக்குள் (மருந்து இருக்கிற பித்தளைக் கூடு) இறங்கும் ஆழம் மாறினால், பிரைமர் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) மாறினால் அழுத்தம் மாறும். அந்தக் கணக்குக்கு மருந்து தயாரிக்கிற நிறுவனம் வெளியிடுகிற இப்போதைய அட்டவணைதான் ஆதாரம், என் நோட்டுப் புத்தகம் இல்லை. கிரெயின் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஒரு பவுண்டில் 7000 கிரெயின், அதாவது ஒன்று சுமார் 65 மில்லிகிராம். நகைக்கடைக் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. அந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் தெரிகிற உலகம் இது.

ஒரே தோட்டாவை இடுப்பிலும் தோளிலும் பயன்படுத்துகிற யோசனை புதிதல்ல. வின்செஸ்டர் 1873ல் .44-40 தோட்டாவோடு லீவர் ரைஃபிளை விட்டது, ஐந்து வருடத்தில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. அந்தப் பெயரில் உள்ள 40, உள்ளே போட்ட கருமருந்தின் எடை, 40 கிரெயின். கருமருந்து காலத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் தலைவலியே பெரிதாக இல்லை, பொடி எவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி, கேஸை நிரப்பு, குண்டை அழுத்து, அவ்வளவுதான். புகையில்லா மருந்து வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் எரிகிற நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் வந்து குவிந்தன. .357 மேக்னம் வந்தது 1935ல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு. அதற்கு முன்னாலேயே எல்மர் கீத், ஃபில் ஷார்ப் போன்ற துப்பாக்கி எழுத்தாளர்கள் அதன் முன்னோடியான .38 ஸ்பெஷல் தோட்டாவை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த எல்மர் கீத் எங்கள் ஐடஹோக்காரர்தான், சால்மன் என்ற ஊரில் இருந்தவர். .44 ஸ்பெஷலில் 2400 என்ற மருந்தை வைத்து அவர் செய்த வேலையின் நீட்சிதான் 1956ல் கடைக்கு வந்த .44 மேக்னம். ஆக, அந்த 2400 டப்பா இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, எரியும் வேகம் என்றால் என்ன? பிரைமர் வெடித்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது, அந்த வாயு குண்டைத் தள்ளுகிறது. சீக்கிரம் எரிகிற மருந்து சட்டென்று அழுத்தத்தின் உச்சத்தைத் தொட்டு, குண்டு கொஞ்ச தூரம் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். மெதுவாக எரிகிற மருந்து உச்சத்தைக் கொஞ்சம் தள்ளித் தொட்டு, அதற்குப் பிறகும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு .357 மேக்னத்துக்கு வைத்திருக்கிற உச்சவரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு). .38 ஸ்பெஷலுக்கு அது 17,000தான். உச்சவரம்பு எந்த மருந்துக்கும் ஒன்றேதான், அதனால் அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு அதிக நேரம் தள்ளுகிற மருந்துதான் அதிக வேகம் தரும். குழல் நீளமாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் விரியும். ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காருகிற சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கொஞ்சம் வாயு பக்கவாட்டில் ஓடிவிடும், லீவர் ரைஃபிளில் அந்த ஓட்டையே கிடையாது. அதனால் குழல் நீளத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டு, அதே தோட்டா ரைஃபிளில் வேறு ஒரு தோட்டா மாதிரி நடந்துகொள்ளும்.

முதலில் யூனிக் என்ற மருந்து. 1900 வாக்கில் சந்தைக்கு வந்தது, இன்றுவரை ஓடுகிறது. தட்டை தட்டையான செதில்கள், கொஞ்சம் புகை, நிறைய கரி. நடுத்தர வேகத்தில் எரிகிறது, அதனால் மிதமான தோட்டாவுக்கு ஏற்றது. ரிவால்வரில் வினாடிக்கு 1000 அடி சுற்றி வரும்படி நிரப்பினால் கைக்கு இதமாக இருக்கும், பசங்களைக்கூடக் கூட்டிப்போய்ச் சுடச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அதே தோட்டாவை மார்லினில் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 200 அடி வாக்கில்தான், 18 அங்குலக் குழலின் கடைசிப் பாதி சும்மா வழித்துணைக்கு வருகிறது. அப்புறம் பவுடர் மெஷரில் (மருந்தை அளந்து கொட்டுகிற கருவி) யூனிக் ஒழுங்காக விழாது. செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வாயில் பாலம் கட்டி நிற்கும், ஒரு கேஸில் குறைவாகவும் அடுத்ததில் கூடுதலாகவும் விழும். மெஷரின் கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, மேலே ஒரு தட்டு கீழே ஒரு தட்டு என்று இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது, இருந்தாலும் நான் அடிக்கடி ஒன்றை எடுத்துத் தராசில் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

யூனிக்கைவிட வேகமாக எரிகிற புல்ஸ்ஐ, டைட்குரூப் வகைகளை நான் மேக்னம் கேஸில் போடுவதே இல்லை. காரணம் சிக்கனம் இல்லை, பயம். .38, .357 கேஸ்கள் கருமருந்து காலத்து வயிறு, உள்ளே இடம் அதிகம். டைட்குரூப் சின்னஞ்சிறு அளவுதான் தேவைப்படும், கேஸின் அடியில் ஒரு படலமாகக் கிடக்கும். தவறி இரண்டு முறை கொட்டினாலும் கேஸ் நிறைந்து வழியாது, மூன்று முறை கொட்டினால்கூட இடம் இருக்கும். துப்பாக்கி உடைந்து கையில் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இதற்கு நேர்மாறாக 2400ஐ முழு அளவில் போட்டால் கேஸில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும், இரண்டாவது முறை கொட்டினால் மேசையெல்லாம் வழியும், கண் தெரியாதவனுக்கும் தெரியும். மருந்தின் பருமனே காவல் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது எல்லோரும் முதலில் சொல்கிற எச்110. இதுவும் வின்செஸ்டர் 296ம் ஒரே மருந்துதான், டப்பா மட்டும் வேறு, அதை ஹாட்ஜ்டன் நிறுவனமே மறைக்கவில்லை. ஃபுளோரிடாவில் செயின்ட் மார்க்ஸில் உள்ள ஆலையில் தயாராகிறது. உருண்டை மருந்து, அதாவது பால் பவுடர். 1933ல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் ஃபிரெட் ஓல்ஸன் கண்டுபிடித்த முறையிலிருந்து வந்த வகை. நைசான மணல் போல மெஷரில் வழுக்கிக்கொண்டு விழும், அளவு அசையவே அசையாது. முழு அளவில் நிரப்பினால் .357, .44 இரண்டிலும் இதை அடிக்கிற மருந்து ஓரிரண்டுதான் இருக்கும். 158 கிரெயின் குண்டு என் ரிவால்வரில் 1250 அடி சுற்றி, மார்லினில் 1750ஐத் தாண்டியும் போனது. வேகம் மட்டும் போதும் என்றால் இந்தப் பதிவை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால் இது முழுசாகப் போட்டால்தான் ஒழுங்காக எரியும். உருண்டைகளின் மேல் எரிதலைத் தாமதிக்கிற பூச்சு இருக்கிறது, அதைத் தாண்டித் தீப்பிடிக்க அழுத்தமும் வேண்டும், சூடான பிரைமரும் வேண்டும். ஹாட்ஜ்டனின் எச்சரிக்கை: அட்டவணையில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே. வழக்கமாக எந்த மருந்தானாலும் உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏறு என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்து. ரொம்பக் குறைத்தால் மருந்து பாதி எரிந்து பாதி எரியாமல், குண்டு குழலின் நடுவே சிக்கி நிற்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது பிளக்கும். லீவர் துப்பாக்கியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கை தானாக லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். “டமார்” என்று கேட்க வேண்டிய இடத்தில் “டப்” என்று கேட்டால் நிறுத்து, லீவரைத் திற, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பார். இதை என் பையனுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆக எச்110ஐ எடுத்தால் ஒரே ஒரு வேகம்தான், அதிக வேகம். பாதி வேகம் என்று ஒன்று கிடையாது. 4.2 அங்குல ரிவால்வரில் அது எப்படி இருக்கும் தெரியுமா? சாயங்கால வெளிச்சத்தில் குழல் வாயில் கால்பந்து அளவுக்கு நெருப்புப் பந்து. குழலுக்குள் எரிந்து முடியாத வாயு வெளியே வந்து காற்றில் எரிகிற காசு அது. ரேஞ்சில் பக்கத்துத் தடுப்பில் நின்றவர் காதுக் கவசத்தைத் தூக்கிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மார்லினில் அந்த நெருப்பே இல்லை, குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடுகிறது. இந்த மருந்து ரைஃபிளுக்குப் பிறந்தது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. .30 கார்பைன் தோட்டாவுக்கும் எச்110 பேர்போன மருந்து என்பதில் ஆச்சரியம் இல்லை.

லில்கன் என்று ஒன்று இருக்கிறது, .410 ஷாட்கன்னை மனதில் வைத்து வந்தது, குறைந்த அழுத்தத்தில் பெரிய வேகம் தரும் என்று அட்டவணையில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ரிவால்வரில் குழலின் பின்வாயை இது அரிக்கிறது, ரொம்பச் சூடேற்றுகிறது என்று அனுபவஸ்தர்கள் பலர் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். குழல் மாற்றுகிற செலவு என்னுடையது, அதனால் நானும் ஒதுக்கிவிட்டேன். ஐஎம்ஆர் 4227 குச்சி குச்சியாக இருக்கிற மருந்து, குணம் நல்லது, குறைத்தாலும் கோபப்படாது, ஆனால் எரியாத குச்சிகளை ரிவால்வருக்குள் விட்டுவிட்டுப் போகும். டிரெயில் பாஸ் கிடைத்தால் லேசான தோட்டாவுக்கு அருமை, ஓட்டை வடை மாதிரி துகள்கள், கேஸை நிரப்பிவிடும், அதை நான் சொல்லி என்ன, கடையில் பார்த்து வருடக்கணக்காகிறது.

கடைசியில் நான் நேரம் செலவழித்தது 2400ல். ஹெர்குலிஸ் நிறுவனம் செய்தது, 1995ல் கை மாறி அலையன்ட் டப்பாவில் வருகிறது. எரியும் வேகத்தில் யூனிக்குக்கும் எச்110க்கும் நடுவில், எச்110 பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சின்னத் தட்டைத் துகள், மெஷரில் நன்றாக விழும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அட்டவணை எல்லைக்குள் கொஞ்சம் இறக்கினாலும் சண்டை போடாமல் எரிகிறது. பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு 2400 நிரப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் செம்பு உருளை நசுங்குவதை வைத்து அழுத்தத்தை அளந்தார்கள், இப்போது மின்னணு உணரி வைத்து அளக்கிறார்கள், .357ன் வரம்பும் இப்போது கீழே இருக்கிறது. தாத்தா காலத்துப் புத்தகத்தில் உள்ள எண் இன்றைய புத்தகத்தில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் இன்றைய புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும். “கீத் போட்டார்” என்பது பதில் இல்லை, கீத் சில ரிவால்வர்களை உடைத்தும் இருக்கிறார்.

பிரைமர் விஷயம். சிறிய பிஸ்டல் பிரைமரில் சிசிஐ நிறுவனத்தின் 500 சாதாரணம், 550 இன்னும் சூடாக எரிகிற மேக்னம். எச்110க்கு மேக்னம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் இன்னும் கட்டாயம். ஐடஹோ ஜனவரியில் துப்பாக்கியைக் காரில் இருந்து எடுக்கும்போதே விரல் மரத்துப்போகும், மருந்தும் அப்படித்தான். 2400க்கு நான் பார்க்கிற அட்டவணை சாதாரண பிரைமரைச் சொல்கிறது, அதையே போடுகிறேன். 2020, 2021ல் பிரைமர் கிடைக்காமல் அல்லாடிய காலத்தில் பலர் கைக்குக் கிடைத்ததைப் போட்டார்கள். பிரைமரை மாற்றினால் அளவை மறுபடி கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குப் பொறுமை இல்லையென்றால் மாற்றாமல் இருப்பதே நல்லது.

குண்டைப் பற்றிச் சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேசி முடியாது, இரண்டும் மாமியார் மருமகள். லீவர் ரைஃபிளின் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் இடிக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் பின்னுதைப்பில் அது பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் தட்டை மூக்குதான். ஹார்னடியில் மெத்தென்ற நுனி வைத்த குண்டு விற்கிறார்கள், ஆனால் .357ல் அதற்குக் கேஸின் நீளத்தைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கிறது, குறைத்த கேஸும் குறைக்காத கேஸும் ஒரே டப்பாவில் கலந்தால் கதை கந்தல். கீத் பாணித் தோள் வைத்த குண்டு ரிவால்வரில் சுகம், ஆனால் என் மார்லினில் அந்தத் தோள், தோட்டா உட்காருகிற அறையின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கும். உருண்ட மூக்கைத் தட்டையாகச் சீவின மாதிரி உள்ள 158 கிரெயின் குண்டு இரண்டிலும் வழுக்கிக்கொண்டு போகிறது.

வேகம் ஏறும்போது குண்டின் தோலும் கவனிக்க வேண்டியது. மெல்லிய செம்பு முலாம் பூசிய மலிவு குண்டு 1200 அடிக்குத் தாக்குப்பிடிக்கும், அதே தோட்டா மார்லினில் 1700 போகும்போது முலாம் உரிந்து இலக்கில் குண்டுகள் திசைக்கு ஒன்றாகச் சிதறும். கைத்துப்பாக்கி வேகத்துக்கென்று செய்த குழிமூக்குக் குண்டும் ரைஃபிள் வேகத்தில் தோலைத் தாண்டிய உடனே சிதறிவிடும், மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நான் தடித்த செம்பு உறை போட்டதை எடுத்தேன், விலை கூடத்தான்.

இப்போது கிரிம்ப், அதாவது கேஸின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடக்கிப் பிடிப்பது. இரண்டு துப்பாக்கியும் இதில் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ரிவால்வரில் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் பாயும், சிலிண்டரில் மீதமிருக்கிற தோட்டாக்களின் கேஸ் அதோடு போகும், குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கிரிம்ப் தளர்ந்தால் குண்டு முன்னால் நழுவி சிலிண்டர் முகத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும், சிலிண்டர் சுழலாது. லீவரின் குழாயிலோ ஸ்பிரிங் முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ளுகிறது, வெடிக்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று மோதுகிறது, குண்டு கேஸுக்குள் போகப் பார்க்கும். உள்ளே போனால் மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். எச்110, 2400 போன்ற மெது மருந்துகளுக்குக் கிரிம்ப் இன்னொரு உபகாரமும் செய்கிறது. குண்டை ஒரு கணம் பிடித்து நிறுத்தினால்தான் அழுத்தம் ஏறி மருந்து முழுசாகத் தீப்பிடிக்கும்.

சோதிக்கிற விதம் சுலபம். ரிவால்வரில் ஆறு போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து வெர்னியரில் நீளம் பார்க்க வேண்டும். ரைஃபிளில் குழாயை நிரப்பி, கடைசியில் சுட வேண்டியதைச் சுடாமல் எடுத்து அதே மாதிரி பார்க்க வேண்டும். நிரப்பியபோது இருந்த நீளம் அப்படியே இருந்தால் போதும். குண்டை உட்கார வைப்பதையும் மடக்குவதையும் ஒரே டையில் (தோட்டாவை அழுத்துகிற அச்சு) சேர்த்துச் செய்யாமல் தனித்தனிப் படியாகச் செய்த பிறகு நீளம் அசையவில்லை. கேஸ்களின் நீளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், .357ன் கேஸ் 1.29 அங்குலம், அதில் ஏற்ற இறக்கம் இருந்தால் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் மடங்கும். சலிப்பான வேலை, டிவி ஓடவிட்டுக்கொண்டு வெட்டினேன். மருந்து கொட்டும்போது மட்டும் டிவியும் கிடையாது, போனும் கிடையாது, மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான். மருந்து போட்டு முடித்த கேஸ்களை மரக்கட்டையில் நிற்கவைத்து டார்ச் அடித்து எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டு.

மருந்து கேஸுக்குள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் ஒரு சோதனை. துப்பாக்கியை வானம் பார்க்கத் தூக்கி மெல்ல இறக்கிச் சுட்டால் மருந்து பிரைமர் பக்கம், தரையைப் பார்க்கத் தாழ்த்தி மெல்ல ஏற்றிச் சுட்டால் குண்டுப் பக்கம். குழல் எப்போதும் ரேஞ்சின் எல்லைக்குள் முன்னோக்கியே இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃபில் இரண்டுக்கும் வேகம் எவ்வளவு விலகுகிறது பார்த்தேன். யூனிக்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, கேஸில் காலி இடம் அதிகம் அல்லவா. 2400ல் பொருட்படுத்துகிற அளவுக்கு இல்லை. எச்110ல் ஏறக்குறைய இல்லவே இல்லை, கேஸ் முட்ட நிறைந்திருக்கும்போது மருந்து எங்கே ஓடும்?

2400க்குக் குறை இல்லாமல் இல்லை. அளவை இறக்க இறக்க, எரியாத மஞ்சள் துகள்கள் குழலில் மிச்சம் கிடக்கும். அதில் ஒன்று ரிவால்வரில் காலிக் கேஸ்களை வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தால் சிலிண்டர் மூடுவது கடினமாகும். காலிக் கேஸ்களைத் தள்ளும்போது குழலை நேராக வானம் பார்க்கப் பிடித்து ஒரே தட்டில் தள்ளினால் துகள்களும் அவற்றோடு கீழே விழுந்துவிடும், மூடுவதற்கு முன் பிரஷால் ஒரு இழுப்பு. அளவு நடுவிலிருந்து மேல்பக்கம் இருந்தால் இந்தத் தொல்லையும் குறைந்துபோகிறது. மார்லினில் இதைப் பற்றிக் கவலையே இல்லை.

முடிவாக வந்த தோட்டா: 158 கிரெயின் தட்டைமூக்குக் குண்டு, 2400, அட்டவணை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே, சாதாரண பிரைமர், நல்ல இறுக்கமான மடக்கு. ரிவால்வரில் 1200க்குக் கொஞ்சம் கீழே, மார்லினில் 1600ஐத் தாண்டி. எச்110ஐவிட ரைஃபிளில் நூறு நூற்றைம்பது அடி குறைவுதான், 100 கஜத்துக்குள் சுடுகிற எனக்கு அது எங்கே தெரியப்போகிறது. ரிவால்வரில் நெருப்புப் பந்து பாதியாகிவிட்டது, கையும் சண்டைக்கு வரவில்லை, ரைஃபிளில் கேஸ்கள் இழுக்காமல் வெளியே வருகின்றன. கேஸ் ஒட்டிக்கொண்டு லீவர் இறுகினால் அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம், ஆனால் அப்படி இறுகவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. இந்த வகைத் தோட்டாவில் பிரைமர் தட்டையாவது, கேஸ் ஒட்டுவது எல்லாம் வரம்பைத் தாண்டிய பிறகு தெரிகிற அறிகுறிகள். அதனால்தான் அட்டவணையின் உச்சத்தில் நான் நிற்கவில்லை.

.44 மேக்னம் வைத்திருப்பவர்களுக்கும் இதே வாதம் பொருந்தும், அங்கே வரம்பு 36,000 பிஎஸ்ஐ, பெரிய பிஸ்டல் பிரைமர். .45 கோல்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். அதன் பொது வரம்பு 14,000தான், ஆனால் கையேடுகளில் ரூகர் போன்ற கனமான துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று தனிப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டா தப்பித்தவறிப் பழைய கோல்ட் ரிவால்வருக்குள்ளோ முழங்கால் மாதிரி மடங்குகிற பூட்டு வைத்த 1873 பாணி ரைஃபிளுக்குள்ளோ போய்விட்டால் துப்பாக்கி மிஞ்சாது. வீட்டில் இரண்டு விதமும் இருந்தால் அழுத்தம் குறைந்த தோட்டா மட்டுமே நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கு மேல் மிச்சமிருக்கிற எச்110 டப்பாவை என்ன செய்வது என்று கேட்டால், மார்லினுக்கு மட்டும் என்று எழுதிய தனிப்பெட்டித் தோட்டாக்களாக அது மெல்லத் தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மூடி போட்ட பெட்டி, ரிவால்வர் பைக்குள் போகாது. யூனிக் தோட்டாக்கள் நீல மூடி, பசங்களுக்கு. 2400க்கு மூடி நிறம் எதுவும் வைக்கவில்லை, அலமாரியில் மீதி எல்லாம் அதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் மருந்தின் பெயர், டப்பாவின் லாட் எண், அளவு, குண்டு, பிரைமர், தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். புது லாட் டப்பா திறந்தால் மறுபடி குரோனோகிராஃபை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அடுத்த டப்பா கடையில் இருந்தால்.